பழக்குகிற செலவு யாருடையது?

செவ்வாய்க்கிழமை நடந்த தொழிற்பயிற்சிக் கூட்டத்தின் வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கே பதினொரு பேர் அனுப்பியிருந்தார்கள். "அண்ணை, உங்களைத்தான் சொல்லுறார்" என்று இரண்டு பேர் எழுதியும் விட்டார்கள். பயிற்சித் திட்டங்களைப் பற்றி மைக்கில் பேசியவர் என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்டது நான், அந்தப் பதில் வந்ததும் என் முகத்துக்கு நேரே. திரும்பப் பதில் சொல்ல எழும்பியபோது "நேரமில்லை, தேத்தண்ணி ஆறுது" என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். அதனால் இங்கே சொல்கிறேன்.

"யாழ்ப்பாணத்து முதலாளிமாருக்குப் பிள்ளைகளைப் பழக்க மனமில்லை. பழகின ஆளைக் கொண்டுவந்து தா என்று நிற்கினம். திட்டங்கள் இவ்வளவு இருக்கு, வந்து கேட்கத்தான் ஆளில்லை." இதுதான் அவர் சொன்னது. கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த கராஜ்காரரும் தட்டினார், அதுதான் கூட நொந்தது.

நான் கேட்ட கேள்வி இவ்வளவுதான்: ஒரு பொடியனை ஒரு வருடம் பழக்குகிற செலவு யாருடையது?

செலவு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என்னுடையது கடைசல் பட்டறை. இரும்பைச் சுற்றவிட்டுக் கடைகிற லேத் இரண்டு, ஒரு துளையிடும் மிசின், ஒட்டுவேலை (வெல்டிங்). வருகிற பொடியனுக்கு முதல் நாள் நான் சொல்வது ஒரே விஷயம்: சக் சாவியைச் சக்கில் விட்டுவிட்டு மோட்டாரைப் போடாதே. சக் என்பது லேத்தில் இரும்பை இறுக்கிப் பிடித்துச் சுற்றுகிற பகுதி, அந்தச் சாவியால்தான் அதை இறுக்குவோம். சக் சுற்றத் தொடங்கினால் அந்தச் சாவி யாருடைய முகத்துக்குப் பறக்கும் என்று சொல்ல முடியாது. அப்புறம், லேத்தில் நிற்கும்போது கையுறை கூடாது, சாரம் கூடாது, நீளக்கைச் சட்டை கூடாது. சுருள் சுருளாக வருகிற இரும்புச் சீவலைக் கையால் இழுக்கக் கூடாது, கொக்கிக் கம்பியால் எடுக்க வேண்டும். இவ்வளவும் உடம்பில் ஊற ஒரு மாதம் போகும். அந்த மாதம் முழுக்க நான் அவன் பக்கத்தில் நிற்கிறேன். நான் அங்கே நிற்கிற நேரம் என் லேத் ஓடாது.

நாலாம் ஐந்தாம் மாதம்தான் கையில் அளவு வரத் தொடங்கும். கடந்த மாசியில் புன்னாலைக்கட்டுவனில் இருந்து ஒரு ஐயா, தண்ணி இறைக்கிற மிசினின் சாவ்றை, அதாவது சுற்றுகிற தண்டை, கொண்டு வந்தார். தோட்டத்தில் வெங்காயம் நிற்கிறது, விடியக் காலமை இறைத்தாக வேண்டும். பேரிங் உட்காரும் இடத்தை நிரப்பிக் கடைய வேண்டிய வேலை. கடைசி வெட்டைப் பொடியனிடம் கொடுத்தேன். அவன் கைப்பிடியை ஒரு கோடு அதிகமாகத் திருப்பிவிட்டான். தட்டித் தட்டி இறுக்கமாக ஏற வேண்டிய பேரிங்கைப் போட்டுப் பார்த்தால், தட்டாமலே சறுக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றது. மயிரளவு வித்தியாசம். அவன் முகம் வெளிறிவிட்டது. நான் ஏசவில்லை. திரும்ப ஒட்டு நிரப்பி, ஆறவிட்டு, மறுபடி கடைந்து முடிக்க இரவு ஒன்பதரை ஆயிற்று. அந்த ஐயா அவ்வளவு நேரமும் வாசல் வாங்கிலில் இருந்தார். அந்த இரண்டாவது தடவைக்கு அவரிடம் காசு வாங்க முடியுமா? கறண்டும் ஒட்டுக்கம்பியும் நாலு மணித்தியாலமும் என் கணக்கில்தான் விழுந்தன.

பயிற்சித் திட்டக்காரருடைய போமில் (படிவத்தில்) "பங்குபற்றியோர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. "சான்றிதழ் பெற்றோர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. பிழையாகிப்போன சாவ்றை எழுத ஒரு கட்டமும் இல்லை. வேலை பழகுவதே பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான். அந்தச் செலவு யாருடையது?

முன்பு இதைத் தாங்குகிற இடங்கள் எங்களிடம் இருந்தன. என் அப்பா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையின் வேக்சொப்பில் வேலை பழகியவர். 1950இல் தொடங்கிய தொழிற்சாலை அது. பழகுகிற காலத்திலேயே அவருக்குச் சம்பளம் கிடைத்தது. அவர் பழுதாக்கிய இரும்பால் யாருடைய வீட்டு அடுப்பும் அணையவில்லை, ஏனென்றால் அது பெரிய இடம், தாங்கியது. 1990இல் யுத்தத்தோடு அதை மூடினார்கள். மூடியதால் எத்தனை பேருக்கு வேலை போனது என்று இன்றைக்கும் கதைக்கிறோம். வேலை பழகுகிற இடம் போனதைப் பற்றி யாரும் கதைத்து நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு இந்தக் குடாநாட்டில் லேத்காரரும் பிற்றரும் எங்கே உருவானார்கள்? சின்னச் சின்னப் பட்டறைகளில். யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மின்சாரம் இல்லை, மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது, உதிரிப்பாகம் ஒன்றும் வராது. அப்பா நீர் இறைக்கிற இஞ்சினில் பெல்ற் மாட்டி லேத்தைச் சுற்றவைத்தார். அந்த வருடங்களில் அவரிடம் ஒன்பது பேர் பழகினார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு இடம்பெயர்ந்தபோது லேத்துக்கு நிறையக் கிரீஸ் பூசி, சாக்கால் மூடிவிட்டுத்தான் வீட்டைப் பூட்டினார். எங்களுடைய உடுப்புப் பெட்டியை எடுக்க மறந்துபோனார். அதே லேத்தில்தான் அந்த வெங்காயத் தோட்டத்துச் சாவ்றையும் கடைந்தோம். இப்படிப்பட்ட ஒரு பட்டறையைப் பார்த்து "பழக்க மனமில்லை" என்று ஒருவர் மைக்கில் சொல்லிவிட்டுப் போகலாம், எல்லோரும் கை தட்டலாம்.

சரி, கீழே வரப்போகிற கருத்துகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"பழக்குகிறோம் என்று சொல்லி அரைச் சம்பளத்துக்கு வேலை வாங்குகிறீர்கள்." உண்மை, அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வருடம் தேத்தண்ணி வாங்கவும் கூட்டவும் வைத்துவிட்டு லேத்தைத் தொடவிடாத ஆட்களை எனக்கும் தெரியும். அவர்களைப் பிடியுங்கள், நானும் வருகிறேன். ஆனால் என்னை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். 18 வயது முடியாத ஒருவரையும் நான் எடுப்பதில்லை. முதல் மாதத்தில் இருந்தே ஊழியர் சேமலாப நிதிக்கு என் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்டுகிறேன். அவன் விரலில் ஏதும் பட்டால் 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் என்னைத்தான் தேடி வரும். வரவேண்டும், அதில் எனக்கு மனக்குறை இல்லை. கடமை என்று வரும்போது சட்டத்துக்கு என்னைத் தெரிகிறது. உதவி என்று வரும்போது நான் யாருக்கும் தெரியாத ஆள் ஆகிவிடுகிறேன். அதுதான் என் மனக்குறை.

"இந்தக் காலத்துப் பொடியள் வேலை செய்யமாட்டாங்கள், கையில போன்தான்." இதைச் சொல்வது என் தொழில்காரர்களே. பிழை. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் செய்கிறான்.

"தனியாருடைய இலாபத்துக்கு அரசாங்கம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" படித்தவர்கள் கேட்கிற கேள்வி இது. மலேசியாவில் தொழில் கொடுப்பவர்கள் சம்பளக் கணக்கில் 1 வீதம் வரை ஒரு நிதிக்குக் கட்டுகிறார்கள், ஆட்களைப் பயிற்றுவித்தால் அதிலிருந்து செலவைத் திரும்ப எடுக்கலாம். சிங்கப்பூரிலும் அப்படி ஒரு அறவீடு உண்டு. ஜேர்மனியில் பயிலுநர் முதலாளியோடு ஒப்பந்தம் எழுதுகிறான், பெரும்பாலும் மூன்று, மூன்றரை வருடம். கிழமையில் ஒன்றிரண்டு நாள் தொழிற்கல்விப் பாடசாலை, மற்ற நாட்கள் வேலைத்தலம். கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு கட்டி 2016இல் திறந்தார்களே, அந்தப் பயிற்சி நிறுவகம் நல்ல விஷயம், அங்கே பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் அந்த நாட்டு முறையில் பாதிக்கு மேல் வேலைத்தலம்தானே. இங்கே அந்தப் பாதி எங்களைப் போன்ற மூன்று பேர், நாலு பேர் பட்டறைகள். எங்களுக்கு மூன்று வருடம் தாங்குகிற உடம்பு இல்லை. நான் பிச்சை கேட்கவில்லை. முதல் ஆறு மாதத்துக்குப் பொடியனின் சம்பளத்தில் பாதி, ஒரு காப்புறுதி, கிழமையில் ஒரு நாள் வரைபடம் வாசிக்கவும் அளவு கணக்குப் பார்க்கவும் ஒரு வகுப்பு. அந்தப் பாடம் எனக்குச் சொல்லிக்கொடுக்க வராது, ஒத்துக்கொள்கிறேன்.

"பெண் பிள்ளைகளை எடுப்பீர்களா?" என்று ஒரு தங்கை கூட்டத்துக்கு வெளியே கேட்டார். எடுக்கவில்லை. என் பட்டறையில் ஒழுங்கான மலசலகூடம் இல்லை. அது என் பிழை.

"திட்டங்கள் இருக்கு, வந்து கேட்கிறதில்லை." இதற்குத்தான் எனக்கு நெஞ்சு எரிகிறது. நான் போய்க் கேட்டவன்.

என்னிடம் ஆறு வருடம் நின்ற ஒரு பொடியன். பெயர் வேண்டாம், உங்களில் பலருக்கு அவனைத் தெரியும். லேத், ஒட்டுவேலை இரண்டும் வரும். 2022இல் பெற்றோலும் இல்லை கறண்டும் இல்லை என்று நாடு கிடந்தபோது, 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கென்று வெளிநாடு போன வருடம் அது, அவனும் போகவேண்டும் என்றான். தங்கைக்குச் சீதனம், தகப்பனுக்குக் கண். நான் மறிக்கவில்லை. முகவர் கேட்டது தேசிய தொழில் தகைமை, நாலாம் மட்டம். வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தை மதிப்பிட்டு அந்தச் சான்றிதழைக் கொடுக்கிற வழி ஒன்று சட்டப்படி இருக்கிறது, உண்மையிலேயே நல்ல வழி. நானே அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அன்றைக்கு உரியவர் கொழும்பில். அடுத்த முறை போம் முடிந்துவிட்டது. பிறகு கிடைத்த போம் சிங்களத்தில். 1987இல் இருந்து தமிழும் அரசகரும மொழி, அதை நான் அங்கே சொன்னேன், "தெரிஞ்ச ஒருத்தரிட்ட நிரப்புங்கோ" என்றார்கள். நிரப்பினோம். மதிப்பீட்டாளர் வருவார் என்று நாலு மாதம் லேத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஆறு தடவை போனேன், ஆறு தடவையும் பட்டறையைப் பூட்டிவிட்டுத்தான் போனேன்.

விசாவுக்கான நாள் வந்துவிட்டது, அவர் வரவில்லை. அவன் "உதவியாள்" என்று போட்ட ஒப்பந்தத்தில் போனான். ஆறு வருடம் அவனுக்குக் கொடுத்த வேலை ஒரு தாளிலும் இல்லை. போகிற அன்று, நான் வாங்கிக் கொடுத்த, அளவு பார்க்கிற வேர்னியரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "அடுத்து வாற ஆளுக்குக் குடுங்கோ அண்ணை" என்றான். செவ்வாய்க்கிழமை அந்த ஐயா "கேட்க ஆளில்லை" என்று சொன்னபோது எனக்கு அந்த வேர்னியர்தான் நினைவுக்கு வந்தது. மைக்கைத் தந்திருந்தாலும் என்னால் கதைத்திருக்க முடியுமோ தெரியாது.

எனக்கு யார் மீதும் தனிப்பட்ட கோபம் இல்லை என்று எழுதத்தான் தொடங்கினேன். இருக்கிறது. அந்த ஐயா மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒரு நாள் பட்டறைக்கு வரட்டும். எட்டரைக்குத் திறப்போம். கோப்பாயில் இருந்து புதிதாக ஒரு பொடியன் வந்து மூன்று கிழமை ஆகிறது, இன்னும் சீவல் அள்ளுகிறான். அவனிடம் கேட்கட்டும், என்னிடம் வேண்டாம்.

வெளிநாடு போன அந்தப் பொடியன் நேற்று இரவு அங்கிருந்து போன் எடுத்தான். பெட்டி ஏற்றி இறக்குகிற வேலைதானாம். பழைய லேத்தில் இப்போது யார் நிற்கிறது என்று கேட்டான். கோப்பாய்ப் பொடியனைச் சொன்னேன்.

"சக் சாவி சொல்லிட்டீங்களோ?"

முதல் நாளே சொல்லிவிட்டேன் என்றேன்.