இரண்டு கையெழுத்து, ஒரு சாப்பாடு, ஒரு சான்றிதழ்

போன ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சி.ஆர்.இ. (தொடர் மறுவாழ்வுக் கல்வி) கூட்டத்துக்குப் போய் வந்தேன். யார் நடத்தினார்கள் என்பதை விட்டுவிடுகிறேன். நான் போன வரைக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை: என்னைப் போன்ற க்ளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவைப் புதுப்பிக்க, தொடர்கல்வி நிகழ்ச்சிகளில் உட்கார்ந்து பாயிண்ட் சேர்க்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். எம்.ஃபில். முடித்த அன்றைக்குத் தெரிந்ததை வைத்தே முப்பது வருடம் ஓட்டிவிடக் கூடாது இல்லையா?

ஆனால் நடப்பது என்ன? காலையில் ஒரு கையெழுத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கையெழுத்து, நடுவில் ஸ்லைடு. பேசியவர் விஷயம் தெரிந்தவர், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மதியத்துக்குள் எண்பத்தேழு ஸ்லைடு. (எண்ணினேன். வேறென்ன செய்வது?) கேள்வி நேரம் ஐந்தே நிமிடம், அதையும் குரூப் போட்டோ விழுங்கிவிட்டது.

அன்று நான் கற்றுக்கொண்டது டீ பிரேக்கில்தான். சீனியர் மேடம் ஒருவரிடம், என்னிடம் வரும் ஓர் அம்மாவைப் பற்றிப் புலம்பினேன். விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். "நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு" என்று வாராவாரம் அதையே சொல்கிறார், ஒரு அடி நகர மாட்டேன் என்கிறது. மேடம் கேட்டார்: "அவங்க அப்படிச் சொன்னதும் நீ என்ன சொன்னே?" மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன் என்றேன். டீ கப்பைக் கீழே வைத்தார். "கல்லை யாரு வச்சாங்கன்னு கேட்டியாம்மா?"

கேட்கவில்லை. ஏழு வாரமாகக் கேட்கவில்லை.

நாம் பேசியதை இப்படி ஒருவர் கேட்டுச் சொன்னால்தான் கற்க முடிகிறது என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் (மாற வேண்டும் என்ற எண்ணத்தை நோயாளியிடமிருந்தே வரவழைக்கும் பேச்சு முறை) முறையைத் தொடங்கிவைத்த வில்லியம் மில்லர், அதைக் கற்றுக்கொடுக்கும் வழிகளையே சோதித்துப் பார்த்தவர். 2004-ல் வெளியான அந்த ஆய்வில் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தருபவர்கள் 140 பேர். பட்டறை முடிந்த பிறகும் அவர்களுடைய செஷன் பதிவைக் கேட்டுக் கருத்துச் சொன்னாலோ, போனில் தனித்தனியாக வழிகாட்டினாலோ திறமை இன்னும் கூடியது. இன்னொன்றும் தெரிந்தது: "எனக்கு நன்றாக வருகிறது" என்று அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட மார்க்குக்கும், பதிவில் கேட்டதற்கும் சம்பந்தமே இல்லை. நாங்களோ கடைசியில் ஃபீட்பேக் தாளில் ஐந்துக்கு ஐந்து போட்டால்தான் சான்றிதழ் கைக்கு வரும் என்பதுபோல் டிக் அடித்துவிட்டு வருகிறோம்.

நோயாளியின் பேச்சைப் பதிவு செய்வதா என்பீர்கள். நியாயம்தான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை அவர்களின் உரிமையாகவே சொல்கிறது. சரி, சம்மதம் கிடைக்கவில்லையா? இரண்டு நாற்காலி போட்டு, எங்களில் ஒருவர் நோயாளியாக உட்காரட்டும். தமிழில் பேசட்டும். மற்றவர்கள் பார்த்துவிட்டுக் கிழிக்கட்டும். இதற்கு புரொஜெக்டர்கூட வேண்டாம்.

அடுத்த கூட்டத்தின் அழைப்பு நேற்று வாட்ஸ்அப்பில் வந்தது. வெஜ், நான்-வெஜ் முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். கேஸ் டிஸ்கஷன் பற்றி ஒரு வரி இல்லை. பணம் கட்டிவிட்டேன், பாயிண்ட் வேண்டுமே.