மாமாவுக்குக் கிடைத்தது வேறு லென்ஸ்

அண்ணே, உங்கள் பதிவில் "மெடிக்ளைம் (மருத்துவக் காப்பீடு) இருந்தால் கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் காசு முழுசும் திரும்ப வரும், மார்த்தாண்டத்தில் என் மாமாவுக்கு வந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி யாராவது கடையில் பில் வாங்கிக்கொண்டு அலையப் போகிறார்கள்.

மாமாவுக்கு நடந்தது கண்புரை ஆபரேஷன் என்று நீங்களே அந்தப் பதிவின் கீழே சொல்கிறீர்கள். அதில் கண்ணுக்குள்ளே வைக்கும் லென்ஸ் சிகிச்சைச் செலவில் சேரும், காசு வரும். தினமும் மாட்டிக் கழற்றும் கான்டாக்ட் லென்ஸும் மூக்கில் போடும் கண்ணாடியும் சாதாரண பாலிசியில் சேராது. வெளிநோயாளி செலவுக்குத் தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்த்திருந்தால், அல்லது கம்பெனியின் குழுக் காப்பீட்டில் இருந்தால் கிடைக்கலாம். அதிலும் வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கும்.

கண்புரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. ஆரோக்கிய சஞ்சீவனி என்ற மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துக்கொள்ளுங்கள்: பாலிசி எடுத்து 24 மாதம் காத்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு கண்ணுக்கு 40,000 ரூபாய் அல்லது காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுதான். கண்ணாடி போடாமல் இருக்கச் செய்யும் லேசர் சிகிச்சைக்கு, கண்ணின் பவர் 7.5 டயாப்டருக்குக் (பவரை அளக்கும் அலகு) கீழே என்றால் வழக்கமாகக் காசு கிடையாது.

பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டுமென்றால் இன்சூரன்ஸைத் தேடாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்தால் ஹெச்.எம்.மிடம் கேளுங்கள், கண் பரிசோதனை செய்து இலவசக் கண்ணாடி கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. பெரியவர்களுக்குக் கண்புரை என்றால் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். சரி, மாமாவின் டிஸ்சார்ஜ் பில்லை ஒருதடவை எடுத்துப் பாருங்கள் அண்ணே, எந்த லென்ஸ் என்று அதிலேயே இருக்கும்.