டி.சி. கொடுத்தாச்சு, அப்புறம்?

எந்த ஸ்கூல்னு நம்ம பெங்களூரு அல்சூர் ஆட்களுக்குத் தெரியும், பேர் வேண்டாம். ஜூன் 26 அன்னைக்குப் பிள்ளைகளைத் தூறல்ல நிக்க வச்சு போதை ஒழிப்பு உறுதிமொழி, பேனர், போட்டோ. அதே வாரம், பையில கஞ்சா பொட்டலம் இருந்த ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு டி.சி. “சரியான நடவடிக்கை”ன்னு இங்க எத்தனை லைக்!

டி.சி. கொடுக்கிறது தடுப்பு இல்லைங்க. பிள்ளையைத் தெருவுக்கு அனுப்புறது.

உறுதிமொழியும் புதுசில்லை. அமெரிக்காவுல 1983-லயே டேர்னு ஒரு போதைத் தடுப்புத் திட்டம், போலீஸ்காரரே வகுப்புக்கு வந்து பாடம் எடுத்தார். ஊரெல்லாம் பரவுச்சு. பிறகு ஆராய்ஞ்சு பார்த்தா, அதைப் படிச்ச பிள்ளைக்கும் படிக்காத பிள்ளைக்கும் போதைப் பழக்கத்துல பெரிய வித்தியாசமே இல்லை. ஆனா ஐஸ்லாந்துல சாயங்கால விளையாட்டுக்கும் பாட்டு வகுப்புக்கும் பணம் போட்டாங்க, ராத்திரி நேரத்துல பிள்ளைங்க வெளிய சுத்துறதைக் கட்டுப்படுத்தினாங்க, பெத்தவங்களைக் கூட்டி உட்கார வச்சாங்க. 1998-ல 15, 16 வயசுப் பிள்ளைகள்ல 42 சதவீதம் பேர் முந்தின ஒரு மாசத்துக்குள்ள குடிச்சுப் போதையானவங்க. 2016-ல 5 சதவீதம்.

“ஐஸ்லாந்தும் அல்சூரும் ஒண்ணா?” இல்லதான், அது சின்ன நாடு. ஆனா நம்ம பசங்க பந்து உதைச்ச காலி இடத்துல இப்ப யார் கார் நிக்குது?

“உன் பிள்ளை பக்கத்துல அவன் உட்கார்ந்தா இப்படிப் பேசுவியா?” உட்காரட்டும். என் பொண்ணு அதே வகுப்புதான். போன வருஷக் கடைசியிலேயே அவன் சாப்பாடு கொண்டு வர்றதை நிறுத்திட்டானாம். டப்பா இல்லாதது யார் கண்ணுக்கும் படலை, பொட்டலம் மட்டும் பட்டுச்சு.

“அப்ப சட்டமே வேண்டாமா?” வேணும், கொடுத்தவன் மேல. குழந்தை கையில போதைப்பொருளைக் கொடுத்தா 7 வருஷம் வரைக்கும் சிறைன்னு 2015 சிறார் நீதிச் சட்டம் சொல்லுது, 77-வது பிரிவு. அந்தப் பொட்டலம் எங்கிருந்து வந்துச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னு கேக்குறவங்களுக்கு: என் தம்பியையும் பத்தாவதுல இப்படித்தான் அனுப்பினாங்க. கெஞ்சப் போன அம்மாவை கேட்டைத் தாண்ட விடலை. சாயங்காலம் மட்டும் குடிச்சுட்டு இருந்தவன், போறதுக்கு இடமில்லாம காலையிலேயே ஆரம்பிச்சான். நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள கல்யாண வயசே தாண்டிருச்சு. அப்பவும் சொந்தக்காரங்க எல்லாம் “ஸ்கூல் செஞ்சது சரி”ன்னுதான் சொன்னாங்க. நீங்க இப்ப சொல்றீங்களே, அதே மாதிரி.

அன்ஃபிரெண்ட் பண்றவங்க தாராளமா பண்ணுங்க. அந்தப் பையனுக்கு ஒன்பதாவதுல சீட் தர்ற ஹெச்.எம். யாரையாவது தெரிஞ்சவங்க மட்டும் இன்பாக்ஸ் வாங்க. அவனோட அம்மா நேத்தும் வீட்டுக்கு வந்துட்டுப் போனாங்க.