யோசிக்க விடாத கை

போன வாரம் டியூஷனில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். செஸ் போர்டில் மொத்தம் எத்தனை சதுரங்கள்? “64 சார்” என்று உடனே சத்தம். இல்லை, யோசியுங்கள் என்றேன். முன்வரிசையில் இருந்த மாணவி நோட்டில் கட்டம் போட்டாள், பேனாவைக் கடித்தாள், மேலே பார்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கை பைக்குள் போய்விட்டது. போனை எடுக்க வேண்டும் என்று நினைத்து எடுத்தாள் என்று நான் நம்பவில்லை. கைக்கு அப்படிப் பழகிவிட்டது.

நன்றாகப் படிக்கிற பிள்ளை அவள். அதனால்தான் எனக்குப் பதறியது.

இருபது வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முன்பும் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். எரிச்சல் வரும், அப்புறம் சலிப்பு வரும், ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள், திடீரென்று ஒருவனுக்குப் பிடிபடும். சலிப்புக்கும் விடைக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் இப்போது காணோம்.

பொழுதுபோக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. திருவிழாவில் விடிய விடிய நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நாடகம் முடிந்தால் முடிந்ததுதான். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதையே அசைபோட்டுக்கொண்டு வருவோம். ரீல்ஸுக்கு முடிவு கிடையாது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இந்த முறையை 2006-இல் உருவாக்கிய ஏஸா ராஸ்கினே பிற்பாடு அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார். பஸ்ஸுக்கு நிற்கும் ஐந்து நிமிடம், பால் பொங்கும் வரை அடுப்படியில் நிற்கும் நேரம், தூக்கம் வரும்வரை விட்டத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் அது எடுத்துக்கொண்டது. அசைபோட இடமே இல்லை.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமோதி வில்சன் குழு 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஆட்களைத் தனியறையில் 15 நிமிடம் சும்மா உட்கார வைத்தார்கள். கையில் எதுவும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் லேசாக ஷாக் அடிக்கும், அவ்வளவுதான். அந்த ஷாக் வேண்டவே வேண்டாம், காசு கொடுத்தாவது தவிர்ப்பேன் என்று முன்பே சொன்னவர்கள்தான் அவர்கள். அப்படியும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் தாங்களே அழுத்திக்கொண்டார்கள். தன் மனதோடு தனியாக இருப்பது மனிதனுக்கு எப்போதுமே கஷ்டம்தான். அந்தப் பொத்தானை இன்று எல்லார் சட்டைப்பையிலும் வைத்துவிட்டோம், அதுவும் வலிக்காத பொத்தானாக.

எங்கள் கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வீடு இருக்கிறது. அந்தத் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து அழித்து எழுதுவாராம். எல்லாரும் ராமானுஜன் ஆக முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் திண்ணையைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும்: தெருவில் ஆள் நடமாட்டம் இருந்திருக்கும், கோயில் மணி கேட்டிருக்கும். ஆனால் அவர் சிலேட்டை விட்டு எழுந்து வரச்சொல்லி நிமிடத்துக்கு ஒரு தரம் எதுவும் கூப்பிட்டிருக்காது.

என் கதையும் இதுதான். காலையில் காவிரிக் கரையில் நடப்பேன். பழைய நோட்டுகளைப் புரட்டினேன். நானாக உருவாக்கிய கணக்குகளில் பாதிக்கு மேல் அந்த நடையில் தோன்றியவை, ஓரத்தில் குறித்தும் வைத்திருக்கிறேன். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் ஒரு புதுக் கணக்குகூட இல்லை. வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து முதல் 20 நிமிடம் எல்லார் போனும் அடுத்த அறையில் இருக்கும் என்று சொல்லிவிட்டேன், என்னுடையதும் சேர்த்து. முதல் நாள் ஒரே முணுமுணுப்பு, கால் ஆட்டல், நாலு பேருக்குத் தண்ணீர் தாகம். வியாழக்கிழமை அந்தப் பெண் நிமிர்ந்து, “2-க்கு 2 கட்டமும் சதுரம்தானே சார்?” என்றாள். ஆமாம் என்று எழுந்து போர்டு பக்கம் போனேன்.

“ஐயோ, மீதியைச் சொல்லிடாதீங்க சார்” என்றாள்.