"வீட்டிலிருந்து" என்று மட்டும் எழுதிய கடிதம்

"மேற்படி ஊழியர் வீட்டிலிருந்து பணிபுரிய எங்கள் நிறுவனத்துக்கு ஆட்சேபணை இல்லை." இந்த ஒற்றை வரியை வாங்க எனக்குப் பதினோரு வாரம் ஆனது. கையில் கிடைத்த அன்றே ஸ்கேன் செய்து, மலேசியாவில் தங்கி இங்குள்ள வேலையைப் பார்க்க அனுமதி கேட்கும் விண்ணப்பத்தோடு சேர்த்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து மலேசியாவிலிருந்து பதில் வந்தது. எந்த நாட்டில் உள்ள வீடு என்று கடிதத்தில் இல்லை, மலேசியாவில் இருந்துகொண்டு வேலை பார்க்க உங்கள் நிறுவனம் சம்மதிக்கிறது என்று தெளிவாக எழுதி வாங்கி அனுப்புங்கள் என்றார்கள். கேட்டது நியாயம்தான். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மலேசியாவில் உள்ள ஈப்போ நகரில் ஒரு வருஷம் தங்கி, சென்னைக் கம்பெனி வேலையை அங்கிருந்தே பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து, வாரத்துக்கு இரண்டு பேராவது இன்பாக்ஸில் வருகிறார்கள். எந்த நாடு சுலபம், எந்த ஏஜென்டைப் பிடித்தீர்கள் என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கம்பெனியிடம் கேட்டுவிட்டீர்களா? இன்ன நாட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று நாட்டின் பெயரைப் போட்டு எழுதித் தருவார்களா? தனித்தனியாகப் பதில் போட்டுக்கொண்டே இருப்பதற்குப் பதில், இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. நீளமாகத்தான் இருக்கும். தேவைப்படுகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஊர் சுற்றப் போகவில்லை. அப்பாவின் தங்கை, என் அத்தை, கல்யாணமாகி ஈப்போ போனவர். மாமா இறந்துவிட்டார். பிள்ளைகளில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் பெர்த்தில். அத்தைக்கு இரண்டு முழங்காலும் மாற்ற வேண்டும், ஒன்று முடிந்து சில மாதம் கழித்து இன்னொன்று என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாராவது கூட இருக்க வேண்டும். நான் தனி ஆள், வேலை முழுக்க லேப்டாப்பில். "நான் வரேன் அத்தை" என்று போனில் சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்போது தெரியாது.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே மலேசியாவுக்குள் போய் 30 நாள் இருக்கலாம். அதனால் வீட்டில் எல்லோரும் சொன்ன யோசனை, "மாசத்துக்கு ஒரு தடவை சிங்கப்பூர் போய்ட்டு வந்துடு, லேப்டாப்பை யார் பார்க்கப் போறா?" என்பது. நம் ஐ.டி. கூட்டத்தில் இதை ரொம்பப் பேர் செய்கிறார்கள். பாலி, புக்கெட், கோலாலம்பூர் என்று போய், எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமல் மறைக்கிற விபிஎன் போட்டு, கேமராவுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். இமிக்ரேஷன் கவுன்ட்டரில் எதற்கு வந்தாய் என்று கேட்கும்போது சுற்றுலா என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை மீட்டிங்கில் உட்கார்ந்தால் அது பொய். அது ஒருபக்கம் இருக்கட்டும். நடைமுறையில் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒரு பையன், நல்ல வேலைக்காரன், இப்படிப் போன இடத்தில் விபிஎன் ஒரு நிமிடம் அறுந்திருக்கிறது. லேப்டாப் வேறு நாட்டிலிருந்து லாகின் ஆனதைப் பாதுகாப்பு டீம் பார்த்து, அன்று மதியமே எல்லா அனுமதிகளையும் முடக்கிவிட்டது. கிளையன்ட் தரவு நாட்டுக்கு வெளியே போனதாகத்தான் கணக்கில் ஏறியது. விளக்கம் சொல்லக்கூட இடம் கொடுக்காமல் ராஜினாமா வாங்கினார்கள். ஒருவேளை அங்கே ஒரு விபத்து நடந்திருந்தால்? கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ் பொதுவாக இந்தியாவுக்குள் மட்டும்தான். நீங்கள் அந்த நாட்டில் இருப்பதே தெரியாத கம்பெனி உங்களுக்காக யாரிடம் பேசும்?

ஒளிந்து செய்ய வேண்டிய அவசியமே இல்லாத காலம் இது. வேறு நாட்டுக் கம்பெனி வேலையைத் தங்கள் நாட்டில் இருந்துகொண்டு பார்க்கிறவர்களுக்கென்றே விசா கொடுப்பதை, கோவிட் வந்த 2020இல் எஸ்டோனியாவும் பார்படோஸும் ஆரம்பித்துவைத்தன. அப்புறம் போர்ச்சுகல், ஸ்பெயின் என்று வரிசையாக வந்துவிட்டன. தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த டிடிவி விசா ஐந்து வருஷம் செல்லும், ஒவ்வொரு முறையும் 180 நாள் தங்கலாம். ஆனால் 5 லட்சம் பாட், அதாவது பன்னிரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல், கணக்கில் காட்ட வேண்டும். மலேசியாவில் இதற்கென இருப்பது டி.இ. ரந்தாவ் நோமாட் பாஸ் என்ற அனுமதி. மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகம் 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. மூன்று முதல் பன்னிரண்டு மாதம் வரை, அதன்பின் ஒருமுறை புதுப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரிங்கிட். ஆன்லைனில் நாமே விண்ணப்பிக்கலாம். எனக்கு ஒரு ஏஜென்ட் 60 ஆயிரம் ரூபாய் கேட்டார். அவர் செய்வதாகச் சொன்னது எல்லாம் நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடித்த வேலை.

அப்போ எங்கே மாட்டிக்கொள்கிறது? நம் கம்பெனியின் ஹெச்.ஆர். மேஜையில்.

முதல் மெயிலுக்கு "அப்படி ஒரு பாலிசி இல்லை" என்று பதில். இரண்டாவதற்குப் பதிலே இல்லை. நேரில் போய் உட்கார்ந்தபோது அந்த அம்மா நல்லபடியாகத்தான் பேசினார். "நீங்க கேக்கறது தப்புன்னு நான் சொல்லலம்மா. ஆனா கையெழுத்துப் போட்டு நாளைக்கு ஏதாவது ஆனா என்னைத்தானே கேப்பாங்க?" என்றார். அவர் பயம் என்னவென்று எனக்கு அன்றுதான் புரிந்தது. நம் கம்பெனி ஆள் ஒருவர் வேறு நாட்டில் உட்கார்ந்து கம்பெனிக்காக ஒப்பந்தம் பேசி முடித்தால், அந்தக் கம்பெனி எங்கள் நாட்டிலும் தொழில் நடத்துகிறது, லாபத்தில் எங்களுக்கும் வரி கொடு என்று அந்த நாடு கேட்க வழி இருக்கிறது. சேல்ஸ் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது நிஜமான சிக்கல். நான் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டிங்கில் இருக்கிறேன். யாருடனும் விலை பேசுவதில்லை, எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. இதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். கிளையன்ட் ஒப்பந்தத்தில் தரவை எந்த நாட்டிலிருந்து பார்க்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கும், அதைப் பார்த்துச் சொல்லும்படி என் மேனேஜரிடம் கேட்டேன். எங்கள் கிளையன்ட் பிரிட்டிஷ்காரர்கள். முன்கூட்டிச் சொன்னால் போதும் என்று ஒரு வாரத்தில் சம்மதித்துவிட்டார்கள். ஆக, ஏழு கடல் தாண்டியிருந்த கிளையன்ட் ஒரு வாரத்தில் சொன்ன பதிலை, நாலாவது மாடியில் இருந்த சொந்தக் கம்பெனி சொல்லப் பதினோரு வாரம். அப்படியும் வந்தது "வீட்டிலிருந்து" என்ற அந்த வரிதான்.

இரண்டாவது கடிதத்தை நானே எழுதிக் கொண்டுபோனேன். இதுதான் உங்களுக்கு நான் சொல்லும் முக்கியமான வழி: ஹெச்.ஆரிடம் கடிதம் கேட்காதீர்கள், கடிதத்தின் வரைவைக் கொடுங்கள். அதில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எதுவரை, என்ன வேலை, ஆண்டுச் சம்பளம் எவ்வளவு, சம்பளம் இந்தியாவில் இந்தியக் கம்பெனியே கொடுக்கிறது, மலேசியாவில் யாருக்கும் வேலை செய்ய மாட்டார், கம்பெனிக்காக அங்கே ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடும் அதிகாரம் இவருக்கு இல்லை. கடைசியில் உள்ள அந்த வரிதான் ஹெச்.ஆர். அம்மாவைக் கையெழுத்துப் போடவைத்தது. அது அவருக்கான பாதுகாப்பு. நான்கு நாளில் லெட்டர்ஹெட்டில் வந்துவிட்டது.

அடுத்து பெயர். நம் ஆட்கள் எல்லோருக்கும் இது வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிகிரி சான்றிதழில் நான் "எஸ். கயல்விழி". பேஸ்லிப்பில், அதாவது சம்பளச் சீட்டில், "கயல்விழி எஸ்". பேங்கில் "கயல்விழி சுப்பையா". பாஸ்போர்ட்டில் பெயர் கயல்விழி, குடும்பப் பெயர் சுப்பையா. நமக்கு இது நாலும் ஒரே ஆள் என்பதில் சந்தேகமே வராது. கடவுளே வந்து கேட்டாலும் இனிஷியல் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். வேறு நாட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது மூன்று பெண்கள். நான் முதலிலேயே நோட்டரியிடம் போய், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத் தாளில் உறுதிமொழி வாங்கி இணைத்துவிட்டேன். அதைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிறகு அங்கே போன பின்தான் காரணம் தெரிந்தது. மலேசியத் தமிழர்களின் அடையாள அட்டையில் சொந்தப் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி என்று இருக்கும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று மலாயில் சுருக்கம். நம் பெயர் எப்படி அமையும் என்று அந்த நாட்டு அலுவலர்களுக்குப் பழக்கம். ஐரோப்பாவுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. கம்பெனியில் சொல்லி, பேஸ்லிப்பில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று மாதப் பேஸ்லிப் கேட்பார்கள், எனவே அதற்கு முன்பே மாற்ற வேண்டும்.

குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று காட்டும் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் பாஸ்போர்ட் சேவாவில் 500 ரூபாய். அது பெரிய விஷயமில்லை, ஆனால் பாஸ்போர்ட்டில் பழைய முகவரி இருந்தால் தாமதமாகும்.

ஃப்ரீலான்சராக இருக்கிறவர்களுக்குக் கதை வேறு. பேஸ்லிப்புக்குப் பதில் ஒப்பந்தமும், வேலைக்கு நாம் அனுப்பும் பில்லான இன்வாய்ஸும் காட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு பெயர், பணம் வந்தது இடையில் உள்ள பணப் பரிமாற்ற நிறுவனத்தின் பெயரில் என்று இருக்கும். ஒவ்வொரு வரவுக்கும் வெளிநாட்டுப் பண வரவுச் சான்றைப் பேங்கில் வாங்கி, இன்வாய்ஸோடு ஜோடி சேர்த்து வையுங்கள். ஸ்டேட்மென்ட்டில் கடைசி மாதம் திடீரென்று மூன்று லட்சம் ஏறினால் கேள்வி வரும். சீட்டு எடுத்த பணம் என்றால் அதற்கும் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

வருமான வரம்பைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஐ.டி. வேலை என்றால் மலேசியா கேட்பது ஆண்டுக்கு 24,000 டாலருக்கு மேல். ஏறக்குறைய 20 லட்சம் ரூபாய். பதினோரு வருஷ அனுபவத்தில்தான் நான் அந்தக் கோட்டைத் தாண்டினேன். ஒரு அமெரிக்கப் பையனுக்கு அது முதல் வேலையிலேயே கிடைத்துவிடும். 2024இல் ஐ.டி. அல்லாதவர்களுக்கும் திறந்துவிட்டார்கள், ஆனால் அவர்களிடம் கேட்பது 60,000 டாலர். கணக்கு எழுதுகிறவர், மொழிபெயர்ப்பவர், ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுக்கிற டீச்சர், இவர்களில் எத்தனை பேர் நம் ஊரில் 50 லட்சம் சம்பாதிக்கிறார்கள்? போர்ச்சுகல் தன் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு கேட்கிறது, 2025 கணக்கில் மாதம் 3,480 யூரோ. ஈப்போவில் வாடகை, சாப்பாடு, ஆஸ்பத்திரிக்குக் கார் எல்லாம் சேர்த்து ஒரு மாதம் என்ன ஆகும் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். அந்தச் செலவுக்கு 24,000 டாலர் தேவையே இல்லை. செலவுக்கு யாரையும் நம்பி இருக்கக் கூடாது என்று ஒரு நாடு கேட்பது சரி. ஆனால் அந்த அளவு அங்கே வாழ ஆகிற செலவைப் பார்த்து வைக்கப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

வரி விஷயத்தில் தயவுசெய்து கிளம்பும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். மலேசியாவில் ஒரு வருஷத்தில் 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால் அங்கே வரிக்கு நீங்கள் உள்நாட்டுக்காரர். அங்கே உட்கார்ந்து செய்த வேலைக்கான சம்பளத்துக்கு அங்கே கணக்குக் காட்ட வேண்டும். இங்கே கம்பெனி சம்பளத்திலிருந்தே டிடிஎஸ் என்று வரியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு நாட்டுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் ஒரே சம்பளத்துக்கு இரண்டு தடவை கட்டாமல் தப்பலாம், ஆனால் அவர்கள் வரி வருஷம் தொடங்குவது ஜனவரியில், நம்முடையது ஏப்ரலில். நாள் கணக்கையும் போர்டிங் பாஸையும் பத்திரமாக வையுங்கள்.

ஈப்போவுக்குப் போன பிறகு என் நாள் எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்காக. நம் ஊரைவிட அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். சென்னையில் 9:30 மீட்டிங் என்றால் எனக்குப் பகல் 12. காலை முழுக்க அத்தைக்கு. ஏழு மணிக்கு வெந்நீர் ஒத்தடம், எட்டரைக்குப் பிசியோதெரபி, திரும்பும் வழியில் ஈப்போவின் புந்தோங் பகுதியில் கச்சான் பூத்தே என்ற நொறுக்குத் தீனி வாங்காமல் அத்தை காரை வீட்டுப் பக்கம் திருப்ப விடமாட்டார். வறுத்த கடலையும் முறுக்கும் தகரப் பெட்டிகளில் வரிசையாக இருக்கும் கடைகள் அவை. நான் வேலை பார்த்த மேஜைக்கு எதிரே அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடப்பார். பதினைந்து அடி, திரும்பிப் பதினைந்து அடி. ஒரு நாள் நான் கிளையன்ட்டோடு ஆன்லைன் மீட்டிங்கில் இருந்தபோது, அத்தை வாக்கர் இல்லாமல் நடந்து வந்து, மேஜை ஓரத்தைத் தொட்டுவிட்டு நின்றார். நான் மைக்கை மியூட் செய்யாமலே "அத்தே!" என்று கத்திவிட்டேன். என்ன சத்தம் என்று லண்டனிலிருந்து கேட்டார்கள். சொன்னேன். அவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். ஒளிந்து போயிருந்தால் அந்தச் சத்தம் கேட்ட கணமே எனக்கு வயிறு கலங்கியிருக்கும்.

இப்போது எங்கள் கம்பெனியில் இன்னும் இரண்டு பேர் இதே கடிதம் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒன்பது நாளில் கிடைத்துவிட்டது. அந்த வரைவில் என் பெயரையும் கம்பெனி பெயரையும் எடுத்துவிட்டு வைத்திருக்கிறேன். வேண்டும் என்கிறவர்கள் எந்த நாடு, சம்பள வேலையா ஃப்ரீலான்ஸா என்று மட்டும் சொல்லுங்கள், அனுப்புகிறேன். பாஸ்போர்ட் நகலை எல்லாம் எனக்கு அனுப்ப வேண்டாம்.