சிவப்புத் தொப்பி போட்டவரெல்லாம் ஃபாசிஸ்ட் இல்லை

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மண்டியிட்டுப் பூசை பார்க்கும் சிவப்புத் தொப்பி இளைஞர்கள், கீழே "ஃபிராங்கோவின் ஃபாசிஸ்டுகள்" என்று ஒரே வரி. தவறு என்று சொன்னேன். உடனே நான் ஃபிராங்கோ பக்தனாகிவிட்டேன். வலிக்கிறது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

அவர்கள் ரெக்கெத்தேக்கள், ஸ்பெயினின் கார்லிஸ்ட் தொண்டர் படை. 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரில், குடியரசு அரசை எதிர்த்து வென்று சர்வாதிகாரியான தளபதி ஃபிராங்கோவின் பக்கம் போரிட்டவர்கள். 1833-இல் ஏழாம் ஃபெர்னாண்டோ இறந்ததும் முடி மகள் இசபெல்லாவுக்குப் போனதை ஏற்காமல், தம்பி கார்லோஸ் பக்கம் நின்றவர்களின் வழி வந்தவர்கள். "கடவுள், தாய்நாடு, ஃபுவேரோஸ், மன்னர்" என்பது அவர்கள் முழக்கம். ஃபுவேரோஸ் என்பவை அந்தந்தப் பிராந்தியத்தின் பழைய உரிமைகள்: வரி, வழக்கு, படைக்கு ஆள் எடுப்பது எல்லாவற்றிலும் உள்ளூர்ச் சொல்லே செல்லும். ஃபாசிசத்தில் எல்லாமே அரசுக்குள் அடங்க வேண்டும். இவர்களுக்கோ அரசனே திருச்சபைக்கும் ஊர் உரிமைக்கும் கட்டுப்பட்டவன். இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் போதும்.

திடீரென்று முளைத்த கூட்டமும் அல்ல. 1934-இல் தலைமைக்கு வந்த ஃபால் கோந்தே இயக்கத்தை இறுக்கிக் கட்டினார். ராணுவ அதிகாரி வரேலா பாதிரியார் வேடத்தில் ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி அமைத்தார். சிறு ரோந்துக் குழுவில் தொடங்கி, குழு, பிக்கேத்தே, ரெக்கெத்தே, உச்சியில் பட்டாலியன் அளவுக்குத் தெர்சியோ என்று படிப்படியான அமைப்பு. போர்முனையில் தெர்சியோவோடு ஆன்மகுரு இருப்பார். சண்டைக்கு முன் பாவசங்கீர்த்தனம், மாலையில் செபமாலை. சட்டையின் மார்பில் திரு இருதயம் பொறித்த சிறு துணி வில்லை: "தோட்டாவே நில், இயேசுவின் இருதயம் என்னோடு இருக்கிறது."

"முசோலினியிடம் பணம் வாங்கினார்களே?" வாங்கினார்கள். 1934 மார்ச்சில் ரோமில் கார்லிஸ்டுகளும் 1931-இல் முடியிழந்த மன்னர் அல்ஃபோன்சோவின் தரப்பு மன்னராட்சியாளர்களும் சேர்ந்து முசோலினியோடு செய்த ஒப்பந்தம் அது. ஆயுதம் தந்தவன் கொள்கையையும் சேர்த்தே தந்துவிட்டான் என்றால் உலகில் எந்தக் கிளர்ச்சிப் படையும் தேறாது. இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

"பிறகு ஏன் ஃபிராங்கோ பக்கம் நின்றார்கள்?" மன்னராட்சி போய்க் குடியரசு வந்த அடுத்த மாதமே, 1931 மே மாதத்தில், தேவாலயங்கள் எரிந்ததைக் கண்டவர்கள். போர் மூண்டதும் குடியரசுப் பகுதியில் 13 ஆயர்கள் உட்பட ஏறக்குறைய 7,000 குருக்களும் துறவியரும் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு சேரவில்லை. குடியரசைக் கவிழ்க்கும் ராணுவச் சதிக்குத் திட்டம் போட்ட தளபதி மோலாவோடு 1936 ஜூலை வரை சச்சரவுதான். குடியரசுக் கொடியின் கீழ் போரிட மாட்டோம், சிவப்பு மஞ்சள் கொடி வேண்டும் என்று நின்றார்கள். ஜூலை 19 அன்று, வட ஸ்பெயினின் நவார்ராவுக்குத் தலைநகரான பம்ப்லோனாவின் சதுக்கம் சிவப்புத் தொப்பிகளால் நிறைந்தது. அப்பனும் மகனும் சேர்ந்தே பெயர் கொடுத்தார்கள். போர் முழுக்கச் சுமார் 60,000 பேர் சேர்ந்ததாகவும் அதில் 6,000 பேர் மாண்டதாகவும் கணக்கு.

அவர்களுக்கு என்ன கிடைத்தது? தனி அதிகாரிப் பள்ளி தொடங்க முயன்றதற்காக 1936 டிசம்பரில் ஃபால் கோந்தே போர்ச்சுகலுக்குத் துரத்தப்பட்டார். 1937 ஏப்ரல் 19-இல் ஒரே ஆணையில் இயக்கத்தை ஸ்பெயினின் ஃபாசிஸ்ட் கட்சியான ஃபலாங்கேயோடு சேர்த்துக் கரைத்தார் ஃபிராங்கோ. நீலச் சட்டை ஃபலாங்கேயுடையது, சிவப்புத் தொப்பி இவர்களுடையது. இரண்டையும் சேர்த்துச் சீருடை. அந்த நீலச் சட்டையை மாட்ட மறுத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களைத்தான் இன்று நீங்கள் ஃபாசிஸ்ட் என்கிறீர்கள்.

"நவார்ராவில் நடந்த கொலைகள்?" இதில் நான் நழுவ மாட்டேன். போர்முனையே எட்டாத நவார்ராவில் ஏறத்தாழ 3,000 பேரைப் பிடித்துக் கொன்றார்கள்.  அதில் ரெக்கெத்தேக்களுக்குப் பங்கு உண்டு. பம்ப்லோனா ஆயர் ஒலாயேச்சியா 1936 நவம்பரில் "இனி ஒரு சொட்டு ரத்தமும் வேண்டாம்" என்று பிரசங்கம் செய்ய நேர்ந்தது. மன்னிக்க முடியாத பாவம் அது. ஆனால் பாவத்தைச் சொல்ல ஆளை மாற்றிப் பெயரிட வேண்டியதில்லை.

எனக்கு இன்னும் ஆறாதது நவார்ராவை அடுத்த பாஸ்க் நாட்டுக் கதை. அங்கேயும் அதே செபமாலை, அதே பூசை. சுயாட்சிக்காகக் குடியரசோடு நின்ற அந்தக் கத்தோலிக்கர்களின் குருக்களை ஃபிராங்கோ படையே சுட்டது. பாஸ்க் நகரமான பில்பாவோ ஃபிராங்கோ படையிடம் விழுந்த சில நாளில், 1937 ஜூன் 23-இல், பிஸ்காயா, கிபுஸ்கோவா மாகாணங்களின் நிதி உரிமையை ஃபிராங்கோ ரத்து செய்தார். நவார்ராவுக்கும் ஆலவாவுக்கும் மட்டும் தப்பியது. நூறு வருடம் ஃபுவேரோஸ் என்று முழங்கியவர்கள், பக்கத்து வீட்டுக்காரனின் ஃபுவேரோஸ் போனதைத் தடுக்கவில்லை. ஃபாசிஸ்ட் என்று திட்டுபவர்கள் இந்தக் குற்றத்தைக் கேட்பதே இல்லை. கேட்டிருந்தால் நானும் சேர்ந்து கேட்டிருப்பேன்.

"எல்லோரும் ஒரே கூட்டம்தானே" என்று இன்னும் சொல்பவர்களுக்கு 1942 ஆகஸ்ட் 16. பில்பாவோவின் பெகோன்யா பசிலிக்காவில், போரில் இறந்த ரெக்கெத்தேக்களுக்கான பூசை முடிந்து வெளியே வந்த கார்லிஸ்டுகள் மீது ஃபலாங்கேக்காரர்கள் கையெறி குண்டு வீசினார்கள். பலர் காயம். பாதிரியார் வேடத்தில் பயிற்சி தந்த அதே வரேலா, இப்போது படைத்துறை அமைச்சர், அன்று அங்கேயே இருந்தார். பிறகு பதவி விலகினார். குண்டு வீசியதற்காக ஹுவான் தொமிங்கெஸ் என்ற ஃபலாங்கேக்காரரை ஃபிராங்கோ அரசே சுட்டுக் கொன்றது.