போட்டி இருக்கட்டும், முதலில் பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுங்கள்

வீட்டு வரி கட்டிய ரசீது கையில் இருந்தால் ஒருதடவை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை போட்டிருப்பார்கள். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. டீக்கடை அண்ணாச்சியும் கட்டுகிறார், விடியுமுன் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவரும் கட்டுகிறார், வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்புகிறவர் வீட்டிலும் கட்டுகிறார்கள். நம் ஊர்க் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் இந்தக் காசை நம்பித்தான் இருக்கின்றன. அங்கே நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. பெரும்பாலும் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் பேசுகிற ஐந்தாறு பிள்ளைகளைப் பொறுக்கி அனுப்புவார்கள். யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து வந்து ஒப்பிப்பார்கள். கடைசி நாள் பொன்னாடை, சிறப்பு விருந்தினர், சான்றிதழ், குரூப் போட்டோ. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளில் ஒருவரைக்கூட நூலகத்தில் காண முடியாது. பரிசு வாங்கினதும் யார்? பள்ளி ஆண்டு விழாவிலும் கோவில் கொடையிலும் சர்ச் கலைவிழாவிலும் ஏற்கெனவே பரிசு வாங்குகிற அதே பிள்ளைதான். எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிற பிள்ளையை எந்த டீச்சர் போட்டிக்கு அனுப்புவார்? நூலகம் யாருக்கு அதிகம் தேவையோ அந்தப் பிள்ளை அன்றைக்கு வாசல் பக்கம்கூட வருவதில்லை.

விழா நடத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சின்ன நூலகத்தில் இருப்பதே ஒரே ஆள். கதவைத் திறப்பதும் அவர்தான், பேப்பரை எடுத்து மேஜையில் விரிப்பதும் அவர்தான், பதிவேடு எழுதுவதும் அவர்தான். பல இடங்களில் பெருக்குவதும் அவர்தான். அவருக்கு ஆண்டுக்கு ஒரு விழா நடத்தி முடிப்பதே பெரிய காரியம். ஆனால் அந்த ஒரு வாரப் பரபரப்பை ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கட்சி. வாரம் ஒரு மணி நேரம் போதும். ஒரே கிழமை, ஒரே நேரம். பெரியவர் ஒருவர் பாயில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க வேண்டும். போட்டி, மார்க், சான்றிதழ் எதுவும் கிடையாது. முடிந்ததும் ஆளுக்கொரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக விட வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊர் கடலுக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் நூலகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். அதனால் ஞாயிறு காலையில் ஆராதனையும் பூசையும் முடிந்து பிள்ளைகள் சும்மா இருக்கிற நேரத்தைப் பிடித்துக்கொண்டோம். வாசகர் வட்டத்தில் நாங்கள் நாலைந்து பேர் முறை வைத்து வாசிக்கிறோம்.

முதலில் வந்த சிக்கல் சத்தம். சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. அதன் கீழே டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற தம்பிகளும் தங்கைகளும் காலையில் வந்து இடம்பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அதைவிட்டால் போக்கிடம் இல்லை. வீட்டில் இடம் இல்லாமலும், கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் இல்லாமலும்தான் வருகிறார்கள். குரங்கு மாதிரி கத்திக் காட்டச் சொன்னால் பத்துப் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்து கத்துவார்கள், படிக்கிறவர்கள் பாவம் என்ன செய்வார்கள்? அப்புறம் பேசி வெளித்திண்ணைக்கு மாற்றிக்கொண்டோம். மழை பெய்தால் மட்டும் உள்ளே. இப்போது எங்களில் மிக நன்றாக வாசிக்கிறவள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற ஒரு பெண்தான். குரலை ஏற்றி இறக்கி அவள் வாசிக்கிற வாசிப்பில், கேட் பக்கம் நிற்கிற ஆட்டோக்காரர்கள்கூட காது கொடுக்கிறார்கள்.

வாசித்துக் காட்டுவதில் கொஞ்சம் சூட்சுமம் இருக்கிறது. புத்தகத்தை நம் பக்கம் பிடித்துக்கொண்டு வாசித்தால் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுவார்கள். படம் அவர்கள் பக்கம் இருக்க வேண்டும், நாம் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து வாசிக்க வேண்டும். பக்கத்தைப் புரட்டுமுன் ஒரு நொடி நிறுத்த வேண்டும். அந்த நொடியில்தான் “அது கிணத்துல விழப் போகு” என்று யாராவது சொல்வார்கள். போன வாரம் வாசித்த கதையையே மறுபடி கேட்டால் மறுபடி வாசிக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே சந்தோஷம். எழுத்துத் தெரியாத பிள்ளை அப்படிக் கேட்டுக் கேட்டு அந்தப் புத்தகத்தைத் தானே எடுத்து வரிவரியாக விரல் வைத்துச் சொல்லும். அதில் பாதி மனப்பாடம், பாதி வாசிப்பு. வாசிப்பு பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது. ஒன்றை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். கதை முடிந்ததும் “இதில் இருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?” என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்வியைக் கேட்ட நிமிடமே திண்ணை வகுப்பறையாகிவிடும், பிள்ளைகள் கைகட்டிக்கொள்வார்கள்.

ஒரு ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்குக் கதையில் கடல் வந்தது. படத்தில் மஞ்சள் நிறத்தில் பெரிய மீன் ஒன்று, நீளமான கண்ணிமை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கடற்கரை ஊரில் இருந்து மாமா வீட்டுக்கு வந்திருந்த நாலாம் வகுப்புப் பையன் கையைத் தூக்கினான்.

“அக்கா, இது என்ன மீனு?”

“மீன்தான் மக்களே.”

“மீனுன்னா என்ன மீனு? சாளையா, அயிலையா, வாளையா? மீனுக்குப் பேரு இல்லாம இருக்குமா? பெறவு மீனுக்கு இமை கெடையாது.”

அவன் சொன்னது உண்மைதான். சுறா போன்ற சிலவற்றை விட்டால் நம் கடலில் கிடைக்கிற மீன்களுக்கு இமை இல்லை, அவை கண்ணை மூடாமலேயே தூங்கும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவனையே பேச விட்டோம். சூரைக்கு உடம்பு எப்படி இருக்கும், கணவாய் எப்படி மை கக்கும், வாளை ஏன் வெள்ளிப் பட்டை மாதிரி மின்னும் என்று அவன் சொல்லச் சொல்ல, மேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். சந்தையில் துண்டாக வெட்டி வைத்திருக்கிற மீன்தான் அவர்களுக்குத் தெரியும். அடுத்த வாரம் பால்வெட்டுகிற வீட்டுப் பெண்குழந்தை ஒருத்தி தானாகவே முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் பங்குக்கு ரப்பர். ஏன் இருட்டோடு வெட்டப் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் எப்படிக் குறையும், சிரட்டையில் உறைந்து கிடக்கிற ஒட்டுப்பாலை எப்படி உரித்து எடுப்பார்கள், பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் அடிப்பது எப்படி என்று அப்பா செய்வதைப் பார்த்த கணக்கில் சொன்னாள்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு பேரும் வரைந்தார்கள், மற்றவர்கள் எழுதினார்கள். நூலைக் கோத்துத் தைத்து இரண்டு புத்தகம் ஆக்கினோம். ஒன்று மீன், ஒன்று ரப்பர். நூலகர் அக்காவால் அதற்குச் சேர்க்கை எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்ற முடியாது, ஆனால் மற்றப் புத்தகங்களோடு தொங்கவிட்டிருக்கிறார். எங்கள் நூலகத்தில் இன்றைக்கு மிக அழுக்கான புத்தகங்கள் அந்த இரண்டும்தான், அத்தனை கை புரட்டியிருக்கிறது. ‘நூலகத்தில் செயல்பாடு’ என்றால் நான் நினைப்பது இதைத்தான். அச்சடித்த படத்துக்குள் கலர் அடிக்கச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவதற்கு நூலகம் தேவையில்லை. தோல்பாவைக் கூத்துக் கலைஞர்கள் இன்னும் வாழ்கிற மாவட்டம் இது, வில்லுப்பாட்டு ஊருக்கு ஊர் ஒலிக்கிற மாவட்டம். அவர்களில் ஒருவரை ஒரு ஞாயிறு திண்ணைக்குக் கூட்டி வந்தால் பிள்ளைகள் ஒரு மாதம் அதைப் பேசுவார்கள்.

தொங்கவிட்டிருக்கிறார் என்றேன் அல்லவா, அதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கான படப்புத்தகங்கள் பெரும்பாலும் பதினாறு, இருபத்துநாலு பக்கம், நடுவில் பின் அடித்தது. முதுகில் பெயர் எழுதக்கூட இடம் கிடையாது. அதை அலமாரியில் நெருக்கி அடுக்கினால் பழைய நோட்டுக்கட்டு போலத்தான் தெரியும், எந்தக் குழந்தையும் தொடாது. இரண்டு ஆணி அடித்துக் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பில் முகப்பு தெரிகிற மாதிரி மாட்டினோம், பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில். செலவு நூறு ரூபாய்க்குள்தான். வருடக்கணக்காக அங்கேயே கிடந்த புத்தகங்கள், ஏதோ இன்றுதான் வந்தவை போல எடுக்கப்பட்டன.

பல நூலகங்களில் அதுவும் இல்லை. குழந்தைப் புத்தகங்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. கேட்டால் “கிழிச்சிருவாங்க” என்கிறார்கள். நான் போன ஒரு நூலகத்தில் பூட்டு துருவேறிச் சாவியே திரும்பவில்லை. நூலகரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. இருப்புச் சரிபார்ப்பு வரும்போது புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். அதனால் இதை அவர் தலையில் கட்டாமல் மேலே இருக்கிறவர்கள்தான் தீர்க்க வேண்டும். குழந்தைகள் பிரிவில் ஆண்டுதோறும் இத்தனை சதவீதம் புத்தகம் கிழியும், தொலையும் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அந்த அளவுக்கு நூலகரிடம் விளக்கம் கேட்காமல் கணக்கில் இருந்து கழித்து எழுத அனுமதி கொடுக்கட்டும். மூன்று வயதுக் குழந்தை கையில் போன புத்தகம் கிழியத்தான் செய்யும். நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தபோது முதல் விதியாக வைத்ததே புத்தகம் பயன்படுத்துவதற்கு என்பதைத்தான். பழைய ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். பூட்டிய கண்ணாடி அலமாரிக்கும் அதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நம் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய சொத்தும் உண்டு. மதராஸ் மாகாணத்தில் 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தபோது நாம் திருவிதாங்கூரோடு இருந்தோம். அங்கே 1945லேயே, கேரள நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர், இன்றைய கேரளத்தில் இருக்கிற அம்பலப்புழையில் 47 கிராமத்து நூலகங்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் தொடங்கியிருந்தார். ஊர் மக்களே காசு போட்டு, ஊர் மக்களே முறைவைத்துத் திறந்து நடத்துகிற வாசகசாலைப் பழக்கம் அந்தக் காலத்தில் வேர்விட்டது. 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு அரசு நூலகங்களும் கிடைத்தன. ஊரே நடத்துகிற பழக்கம், அரசு கொடுக்கிற கட்டடமும் நிதியும் என்று இரண்டும் வாய்த்த மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். அதை மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிறோம். சரி, எழுத்து தெரிந்த இத்தனை பேர் இருக்கிற ஊரில் வாரம் ஒருமணி நேரம் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்?

“இதனால மார்க் வருமா?” என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் மட்டமாக நினைக்கவில்லை. டியூஷனுக்கும் அபாகஸுக்கும் கையில் இல்லாத காசைக் கட்டுகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். நான் சொல்வது இவ்வளவுதான். கணக்குப் பாடத்தில் வருகிற கேள்வியையே வாசித்துப் புரிந்துகொள்ள முடியாமல் எத்தனை பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று எந்த ஆசிரியரை வேண்டுமானாலும் கேளுங்கள். வாசிப்பு ஓடினால் எல்லாப் பாடமும் ஓடும். ஆனால் மார்க் வராவிட்டாலும் நான் இதைச் செய்வேன். அப்பா வளைகுடாவில், அம்மா அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில், வீட்டில் தாத்தாவும் போனும் மட்டும் என்று வளர்கிற பிள்ளைக்கு, பெரியவர் ஒருவர் முழுக் கவனத்தோடு ஒரு கதை வாசித்துக் காட்டுவதே தனியாகப் பெற வேண்டிய ஒன்று.

புத்தகம் இல்லை என்ற பேச்சும் எனக்கு ஒப்பாது. நேஷனல் புக் டிரஸ்ட் மலிவு விலையில் தமிழில் போடுகிறது. குழந்தைப் புத்தகம் போடுகிற பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலை வாரியாக இலவசமாகவே இருக்கின்றன, அச்செடுத்துக்கொள்ளவும் தடையில்லை. உறுப்பினராகச் சேரக் காப்புத் தொகை கட்ட முடியாத பிள்ளைகளுக்கு எங்கள் ஊரில் கடைக்காரர் ஒருவர் மொத்தமாகக் கட்டிவிட்டார். ஆயிரம் ரூபாய் கொடுத்து நூலகப் புரவலர் ஆகி, பலகையில் பெயர் வந்ததோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

எங்கள் திண்ணைக்கு இப்போது இரண்டு கோரைப்பாய் வேண்டும், பழையது நைந்துவிட்டது. மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற பிள்ளைகள் மூன்று பேர் புதிதாக வந்திருக்கிறார்கள், இரண்டு மொழியிலும் கதை சொல்லத் தெரிந்த யாராவது மாதம் ஒரு ஞாயிறு வந்தால் பெரிய உதவி. பக்கத்து ஊர்களில் இதுபோலத் தொடங்க நினைக்கிறவர்கள் உள்பெட்டியில் வாருங்கள், நூலகரிடம் எப்படிப் பேசுவது, முதல் மாதத்துக்கு என்னென்ன கதை எடுப்பது என்று நாங்கள் வைத்திருக்கிற பட்டியலை அனுப்புகிறேன்.